‘அப்பன் குடிச்சான், புள்ளையும் குடிக்கிறான்!’ - மரபணு என்ன சொல்கிறது?

2023 மே மாதம், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த பெருங்கரணை, பேரம்பாக்கம் பகுதிகளிலும், தெற்கே மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்போது டீக்கடை முதல் டி.வி விவாதம் வரை கேட்கப்பட்ட கேள்வி, ‘ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் குடிக்கிறாங்க?’

அந்த மரணங்களுக்குக் காரணம் விஷம். மெத்தனால் உள்ளே போனால் யாராக இருந்தாலும் உயிருக்கு ஆபத்துதான். ஆனால், சாராயமோ டாஸ்மாக் பாட்டிலோ, சிலரால் மட்டும் நிறுத்தவே முடியாமல் போவது ஏன்?

மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பமானாலும் சரி, ஓ.எம்.ஆர் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் சரி, வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். ‘அது அவங்க ரத்தத்துலயே ஊறினது!’ இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் பல குடும்பங்கள் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகின்றன.

100-ல் 82 பேர்

இரட்டையர்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, ஒருவர் குடிநோய்க்கு ஆளாவதற்கும் இன்னொருவர் தப்பிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்கள் காரணம். ‘குடிகார மரபணு’ என்று ஒன்று தனியாக இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டுகின்றன.

டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழுவினர் நடத்தி 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றவர் குடிப்பதைப் பார்த்தே வளராதவர்கள் இவர்கள். ஆனாலும், இவர்களில் 18 சதவிகிதம் பேர் குடிநோயாளிகளாக இருந்தார்கள். மற்ற தத்துப்பிள்ளைகளில் இது 5 சதவிகிதம்தான்.

ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல் என்பது நிஜம். அதே சமயம், ‘ரத்தத்தில் ஊறிய’ 100 பேரில் 82 பேர் குடிநோயாளி ஆகவில்லை என்பதும் நிஜம். மரபணு ஒரு சுமை. தலைவிதி அல்ல.

‘எனக்கு ஏறவே ஏறாது!’

இளைஞர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வசனம் இது. உண்மையில் இது எச்சரிக்கை மணி. அமெரிக்காவில் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார் மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட். இளம் வயதில் போதை சுலபமாக ஏறாதவர்களே பிற்காலத்தில் அதிகமாகக் குடிக்கு அடிமையானார்கள். ‘போதும்’ என்று உடம்பு சொல்வது அவர்களுக்குத் தாமதமாகக் கேட்கிறது.

இதற்கு நேரெதிரான உடம்பும் உண்டு. மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அதை உடைக்கும் என்சைமைத் தருவது ஏ.எல்.டி.எச்2 என்ற மரபணு. சீனா, ஜப்பான், கொரியாவில் பலருக்கு இந்த மரபணு சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸ் குடித்தாலே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அதனால் அவர்களில் குடிநோயாளிகள் குறைவு. நம் ஊரில் இந்த இயற்கைத் தடுப்பு மிக அரிது.

டைசல்ஃபிரம் என்ற மாத்திரை இதே என்சைமைத்தான் தடுக்கிறது. அதனால்தான் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது விபரீதம். தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மாலை கழற்றிய பிறகு...

மரபணுவை மாற்ற முடியாது. ஆனால், அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறும். ஃபேன் அதேதான், ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் மாறுகிறதல்லவா? மரபணு மீது ஒட்டும் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக்குறிகள் அப்படி ஒரு ரெகுலேட்டர். இதைப் பற்றிய அறிவியல்தான் எபிஜெனெடிக்ஸ். தொடர்ந்து குடிப்பது இந்தக் குறிகளை மாற்றுகிறது. சிறு வயதில் அடி, உதை, பயம் என்று வளர்வதும் மாற்றுகிறது. அப்பாவின் குடி பிள்ளையைத் தொடுவது ரத்தத்தின் வழியாக மட்டுமல்ல, ராத்திரி வீட்டில் நடக்கும் சண்டையின் வழியாகவும்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, தீவிர குடிநோய் உள்ள ஆண்களிடம் இந்த மாற்றங்கள் மாதக்கணக்கில் நீடிப்பதைக் காட்டியது.

இதை நம் வீடுகளோடு பொருத்திப் பாருங்கள். மேல்மருவத்தூருக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டால் அத்தனை நாளும் குடிக்காமல் இருப்பவர், மாலையைக் கழற்றியதும் பழையபடி கடைக்குப் போகிறார். ‘மனசு வெச்சா முடியுது, திமிருதான்’ என்கிறது வீடு. திமிர் மட்டுமே அல்ல. ஒரு மண்டலம் நல்ல ஆரம்பம். ஆனால், உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப அது போதாது. விரதத்தின்போது கிடைத்த கட்டுப்பாடும் கூட்டாளிகளும் மாலையோடு போய்விடாமல், அடுத்த பல மாதங்களுக்கு மருத்துவமும் ஆலோசனையும் தொடர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* அப்பாவோ தாத்தாவோ குடிநோயாளி என்றால், பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் வரலாற்றைச் சொல்வது போலச் சொல்லுங்கள். ‘நம்ம குடும்பத்துக்கு முதல் கிளாஸே வேண்டாம்’ என்பது அவர்களுக்குப் புரியும்.

* ‘நீயும் உங்கப்பன் மாதிரிதான் ஆவே’ என்று திட்டாதீர்கள். அது அறிவியல்படியும் தவறு.

* தினமும் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மருத்துவர் மேற்பார்வை அவசியம்.

* போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். குடிப்பவர் வர மறுத்தாலும், வீட்டில் இருப்பவர்களே அழைத்துப் பேசலாம்.