ஆசிரியர் உரை: சென்சிட்டிவிட்டியைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள்

கவுண்டர் ஸ்டிரைக் 2-இல் சென்சிட்டிவிட்டியை 1 என்று வைத்துப் பழகியவர் வேலரன்டிலும் அதே 1-ஐ வைத்தால் எய்ம் கைக்கு அடங்காது. மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் முதல் கேமில் பார்வை 0.022 பாகை திரும்புகிறது, இரண்டாவதில் 0.07 பாகை. 800 டிபிஐ மவுஸில் ஒரு முழுச் சுற்றுக்கு அங்கே சுமார் 52 செ.மீ. இழுக்க வேண்டும்; இங்கே 16 செ.மீ. சொச்சம் போதும். 3.18-ஆல் வகுத்து 0.314 என்று வைத்தால் இரண்டும் சமமாகும். பயிற்சியாளர்களுக்கும் கேமிங் சென்டர் நடத்துவோருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு கேமில் தேறிய கை அடுத்ததிலும் தானாகத் தேறிவிடும் என்று நம்பி இதைச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆட்டம் சறுக்கும்போது கோளாறு எங்கே என்று பிரித்தறிய உதவுவதே இதன் உண்மையான பயன்.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்தப் பயன் இன்னும் கூடுதல். வேலரன்டின் இந்தியச் சர்வர் மும்பையில் இருக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக்குக்கு மும்பையோடு சென்னையிலும் உண்டு. ஆகவே ஒரே இணைப்பில், ஒரே மேசையில் ஆடினாலும் இரண்டு கேமிலும் பிங் ஒன்றாக இருக்காது. எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் கணம் தாமதமாகத் தெரிய, ஆடுபவர் சென்சிட்டிவிட்டியைக் குற்றம் சொல்லி எண்ணை மாற்றுகிறார். போதாததற்குச் சீசன் வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும் நாட்களில் துணி மவுஸ் பேட் ஈரப்பதத்தை உறிஞ்சி இழுவை கூடுகிறது. கை எட்ட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. சுற்றுத் தூரம் நிலையாக இருந்தால்தான் பேடைத் துடைத்து உலர்த்துவதா, இணைப்பைக் கவனிப்பதா என்று முடிவெடுக்க முடியும். பிங்கும் ஈரமும் நம் கையில் இல்லை. இது ஒன்று இருக்கிறது.

பார்வைக் கோணம் கேமுக்குக் கேம் மாறும்போது சுற்றுத் தூரத்தை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் அகலத்திரையில் கவுண்டர் ஸ்டிரைக் சுமார் 106 பாகையும் வேலரன்ட் 103 பாகையும் காட்டுகின்றன. இந்த வித்தியாசத்தைக் கை பொருட்படுத்தாது. ஸ்கோப் போட்டால்தான் கதை வேறு. அங்கே திரையில் குறி நகரும் வேகத்தை ஒப்பிடுவதே முறை. கவுண்டர் ஸ்டிரைக்கில் ஸ்கோப் விகிதத்தை 1-இலிருந்து 0.82 அளவுக்கு இறக்கினால், திரை நடுவில் அந்த வேகம் ஸ்கோப் இல்லாத நிலையோடு ஒத்துவரும். வேண்டுமென்றே சென்சிட்டிவிட்டியை மாற்றி மாற்றிப் பயிற்சி செய்வோரும் உண்டு, அதற்கும் தடையில்லை. எவ்வளவு மாற்றினோம் என்று தெரிந்து மாற்றுவது பயிற்சி, தெரியாமல் மாற்றுவது தடுமாற்றம்.

கணக்கிட்டுத் தரும் கருவிகள் இருக்க நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. அவை நாம் கொடுக்கும் டிபிஐயை அப்படியே நம்புகின்றன. பெட்டியில் 800 என்று அச்சிட்டிருந்தாலும் சென்சார் சில விழுக்காடு கூட்டியோ குறைத்தோ எண்ணலாம். விண்டோஸின் மவுஸ் முடுக்கம் அணைக்கப்படாமல் இருந்தால், மவுஸ் தரவை நேரடியாக எடுத்துக்கொள்ளாத கேம்களில் வேகமாக இழுத்தால் ஒரு தூரம், மெதுவாக இழுத்தால் ஒரு தூரம். எனவே முடுக்கத்தை அணைத்துவிட்டு, குறியைச் சுவர் மூலையில் நிறுத்தி, பேடின் ஓரத்தில் ஸ்கேலை வைத்து, குறி அதே மூலைக்குத் திரும்பும்வரை இழுத்து அளந்துவிடுங்கள். ஒவ்வொரு வீரரின் பயிற்சிக் குறிப்பேட்டிலும் கேமின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்தச் சென்டிமீட்டர் அளவும் இருக்கட்டும். வெளியூர்ப் போட்டியில் அறியாத மவுஸைக் கையில் கொடுத்தாலும், அந்த ஒரு அளவை வைத்து மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம்.