ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பெற்றோரே, பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரே கேள்விதான்: "எந்த இன்ஜினியரிங் காலேஜ்?" பெண் வாய் திறந்து "பி.ஏ. வரலாறு" என்று சொன்னால், "மார்க் வரலையா?" என்று துக்கம் விசாரிக்கிறோம். இன்ஜினியரிங்கில் ஆசையுள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆசையில்லாத பிள்ளையை ஏன் பிடித்துத் தள்ளுகிறோம்?

நாம் இளக்காரம் பேசும் இந்தப் படிப்புக்காக முன்பின் தெரியாத ஒருவரின் சொத்து செலவாகியிருக்கிறது. 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் தன் சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார். கோயில் காரியம் போக மிஞ்சியது பிள்ளைகளின் படிப்புக்கு என்று பின்னாளில் நீதிமன்றத்தின் வழியே ஏற்பாடானது. அந்தப் பணத்தில் 1842-இல் ஜார்ஜ் டவுன் பகுதியில் தொடங்கிய பள்ளி, பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை அண்ணாதுரை அங்கேதான் பொருளாதாரம் படித்தார்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் படிப்பின் அருமை தெரியாமல் போகலாமா? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. வலையையும் படகையும் இழந்தவனுக்கு அப்போது என்ன தேவைப்பட்டது? மனு எழுத ஒரு ஆள். நூறு பக்க அறிக்கையைப் படித்து, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க ஒரு ஆள். அந்த ஆளை உருவாக்குவது எந்தப் படிப்பு?

பணமில்லை என்று சொல்லாதீர்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நகையை அடகு வைக்கிறோம். உதவித்தொகை கேட்க வேண்டிய வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் அரை நாள் நிற்க மட்டும் நேரமில்லை! தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைத்ததே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், பி.ஏ. படித்தாலும் உண்டு. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். இந்தப் பணம் வந்து சேர, பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா?

பிள்ளை கேட்கிற படிப்புக்கு விண்ணப்பம் போடுங்கள். உதவித்தொகைப் படிவத்தையும் கூடவே வாங்குங்கள். நாளை உங்கள் பிள்ளை வேலைக்குப் போனதும், அதே கல்லூரியில் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் ஒரு பிள்ளைக்குக் கட்டச் சொல்லுங்கள். வாங்க மட்டும் தெரிந்தவர்களாக நாம் இருந்தால், கொடுக்கிற கை எத்தனை காலத்துக்கு நீளும்?