பகிரங்க விலை: குடாநாட்டுப் பிரகடனம்

பொதுப்பணத்தின் காவலையும் பொதுப்பெறுகையின் வெளிப்படைத்தன்மையையும் இரு கடமைகளாக ஏற்று, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம்.

பழைய பெறுகை முறையின் காலம் முடிந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென 2022 ஏப்ரல் 12 அன்று நாடு அறிவித்தபோதே அதன் கணக்கு மூடப்பட்டது. அம்முறையைத் திருத்தும் பணி எமதன்று. அதன் இடத்தில் வருவதைக் கட்டும் பணியே எமது.

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் உள்ளன. நெடுந்தீவுச் சபை தனக்கென நான்கு கணினிகளுக்கு விலைமனுக் கோரினால் எந்த வழங்குநர் விலையை இறக்குவார்? 17 சபைகளின் தேவையும் ஒரே கேள்வி அறிவித்தலில் சேரும்போது பேரம்பேசும் வலிமை மக்கள் பக்கம் வரும். கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டி வளர்த்த மண்ணுக்கு இது புதுப்பாடமன்று.

ஆயினும் பெருஞ்செலவு கருவி வந்த பிறகே தொடங்குகிறது: பராமரிப்பு உடன்படிக்கை, உரிமப் புதுப்பிப்பு, விற்றவரிடமே வாங்கவேண்டிய ரோனர், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பிலிருந்து வரவேண்டிய திருத்துநர். யானையை மலிவாக வாங்கித் தீனிக்குக் கடன்படுவது சிக்கனமாகாது. ஆகவே கருவிக்கு ஒரு போட்டி, பராமரிப்புக்கு வேறொரு போட்டி என்பது எமது முதற்கொள்கை. வாங்கும் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும் கூட்டி, முழுச்செலவை ஒப்பிட்டே தெரிவுசெய்வது இரண்டாம் கொள்கை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்று வெளியேறும் இளையோர் பராமரிப்புப் போட்டியில் நிற்கத் தகுதியுடையோர். அவர்களுக்காகச் சலுகை கேட்கவில்லை; மூடிய வாசலைத் திறக்கக் கேட்கிறோம்.

ஒரே வழங்குநரை மனத்தில் வைத்து எழுதப்படும் விவரக்குறிப்பை மறுக்கிறோம். ஒரே கையெழுத்தில் வரும் மூன்று விலைமனுக்களைப் போட்டியென ஏற்க மறுக்கிறோம். (அந்தக் கையெழுத்தை அடையாளம் காண நிபுணர் தேவையில்லை.) மலிவின் பெயரால் தரத்தைப் பலியிடுவதையும், தரத்தின் பெயரால் ஏகபோகத்தைக் காப்பதையும் ஒருங்கே மறுக்கிறோம்.

தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015இல் 19ஆம் திருத்தம் தந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீட்டது. ஆட்சியோடு வந்துபோகும் காவலை மட்டும் நம்பியிருக்க நாம் உடன்படோம். உக்ரெய்ன் 2016இல் தன் பொதுப்பெறுகையை எவரும் பார்க்கக்கூடிய இணையத்தளத்துக்கு மாற்றியது. அதே ஆண்டில் நமக்கும் ஒரு கருவி கிடைத்தது: 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உக்ரெய்ன் நாடு முழுவதும் செய்ததைச் சாவகச்சேரியும் பருத்தித்துறையும் செய்ய முடியாதென்று எவரும் எம்மிடம் சொல்லவேண்டாம்.

இவ்வியக்கத்தில் சேர விரும்புவோர் முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் சபை கடைசியாக வாங்கிய கணினிகளின் விலை, வழங்குநரின் பெயர், பராமரிப்பு உடன்படிக்கையின் பிரதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கச் சபை சட்டப்படி கடமைப்பட்டுள்ளது.