காரு ரெடி... வாங்குற கைல காசு எங்கே?

2020 மே 8-ந் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையைத் திறந்தாச்சு. முதல் நாளே 200 கார். சந்தோஷம்தான், அதுல நம்ம பசங்க வேலை இருக்கு. ஆனா 'பொருளாதாரம் எழுந்திருச்சு'ன்னு மார்தட்டுறவங்களுக்கு ஒரு கேள்வி: அந்தக் காரை வாங்கப் போறது யாரு?

2020 ஏப்ரல் மாசம் மாருதி உள்நாட்டுல வித்த கார் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

ஏற்கனவே கடன்ல கார் வாங்கினவங்க நிலைமையை ஊட்டிக்கு வந்து பாருங்க. டூரிஸ்ட் டாக்ஸி அண்ணன்களுக்கு ஏப்ரல், மே சீசன்தான் வருஷத்துக்கே சோறு. 2020-ல மலர்க் கண்காட்சியே நடக்கல. வண்டி வாசல்ல நின்னுச்சு. வட்டி மட்டும் ஓடுச்சு!

'அதான் 2020 ஆகஸ்ட் 31 வரை இ.எம்.ஐ. கட்ட வேணாம்னு சொன்னோமே'ம்பாங்க. தள்ளி வெச்சீங்க, தள்ளுபடி பண்ணீங்களா? அந்த மாசங்களுக்கும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு.

அது போதாதுன்னு, கச்சா எண்ணெய் விலை விழுந்து கிடந்த 2020 மே மாசத்துல மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏத்துச்சு. 2020 ஜூன் 7-ல இருந்து பங்க்ல தினமும் விலை ஏறுச்சு!

மக்கள் செலவு பண்ண மாட்டேங்குறாங்களாம். வருமானமே இல்லாதவன் எதைச் செலவு பண்ணுவான்? டாக்ஸி அண்ணன் கைல காசு இருந்தா அது மளிகைக் கடைக்குப் போகும், அங்கிருந்து ஜவுளிக் கடைக்குப் போகும். அப்படித்தான் சக்கரம் சுத்தும். டிவியில 20 லட்சம் கோடின்னு சொன்னா சுத்தாது!

நம்ம கோரிக்கை ரெண்டே ரெண்டு:
▪ ஒத்திவெச்ச மாசங்களுக்கு வட்டி தள்ளுபடி
▪ ஏத்தின கலால் வரி வாபஸ்

ஆலைக் கதவைத் திறந்தீங்க. கஜானாவை எப்போ திறப்பீங்க?

பகிருங்கள் தோழர்களே!
#வட்டியைத்_தள்ளுபடி_செய் #நீலகிரி