கான்ஃபிகர், மேக், கமகம்

நாகரசம்பட்டியில உட்கார்ந்துகிட்டு லில்லிபாண்டை மூலநிரல்ல இருந்து கம்பைல் பண்றேன்னு சொன்னதும் நண்பர் சிரிச்சார். "ரெடியா டவுன்லோடு கிடைக்குதே, எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?" நியாயமான கேள்விதான்.

நாகஸ்வரம் வாசிச்ச தாத்தாவோட ஸ்வர நோட்டு பொடிப்பொடியா உதிருது. அதைக் கணினியில ஏத்தணும். 1996-ல் நெதர்லாந்துக்காரர்கள் ரெண்டு பேர் ஆரம்பிச்ச லில்லிபாண்ட், மேற்கத்திய இசைக்குறிகளை அழகா அச்சிடும். ஆனா நம்ம நொக்கு, ரவை, ஒரிகை? அதுக்கெல்லாம் குறி கிடையாது.

சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டப்போ, கமகங்களுக்குன்னே தனிக் குறிகள் வெச்சு அச்சிட்டார். ஈய எழுத்து காலத்திலேயே முடிஞ்சிருக்கு! இன்னிக்கு மூலநிரலே நம்ம கையில. குறிகளை வரையற மெட்டாஃபாண்ட் கோப்புகளும் அதுக்குள்ளேயே இருக்கு. திருத்தி கம்பைல் பண்ணினா நம்ம குறியும் சேர்ந்துடும். ரெடிமேடில் இது நடக்காது.

கஷ்டம் இல்லாம இல்லை. கான்ஃபிகர் ஓட்டினா ஃப்ளெக்ஸ் இல்லை, பைசன் இல்லை, ஃபாண்ட்ஃபோர்ஜ் இல்லைன்னு பட்டியல் போடுது. எல்லாம் நிறுவி 'மேக்' அடிச்சா, பாதியில கரண்ட் கட். நல்லவேளை, முடிஞ்ச வேலையை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் செய்யற புத்தி மேக்குக்கு உண்டு.

கட்டற்ற மென்பொருள்னா ஓசியில கிடைக்கிறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. இல்லாததை நாமே சேர்த்துக்கலாம்ங்கிற உரிமை அது. பயன்படுத்தாத உரிமையால என்ன பிரயோஜனம்?

இதுவரை நொக்கு ஒண்ணுதான் வரைஞ்சிருக்கேன். அதுவும் கோணல். வீணை தெரிஞ்சவங்க, நிரல் தெரிஞ்சவங்க யாராவது கை கொடுங்களேன். நோட்டு காத்திருக்காது.