காப்பியம் பிறந்த கதையும் கற்பவர் கடமையும்

இதிகாசங்களைப் பாடஞ்சொல்லும் வகுப்பறையில் ஒரு வினா தவறாமல் எழும். வேடனொருவன் புற்றினுள்ளிருந்து முனிவனாக வெளிப்பட்டது உண்மையா? யானைமுகக் கடவுள் தம் கொம்பை ஒடித்துப் பாரதம் எழுதியது மெய்யா? வினவும் மாணவன் எச்சமயத்தவனாயினும் வினா ஒன்றே. இதற்கு இருவகை விடைகள் நாட்டில் வழங்குகின்றன. ‘அவ்வாறே நிகழ்ந்தது, ஐயுறுதல் பிழை’ என்பர் ஒரு சாரார். ‘யாவும் கட்டுக்கதை, கற்பதனாற் பயனில்லை’ என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் மாணவனைக் கற்கவிடாமல் தடுப்பன என்பதே எம் கருத்து.

முதற்கண் வால்மீகியாரை எடுத்துக்கொள்வோம். வழிப்பறி செய்துவந்த வேடன், முனிவர் சொற்கேட்டு மனந்திருந்தி, ‘மரா, மரா’ என்று உருவேற்றி, உடலைப் புற்று மூடும்வரை தவமிருந்தான் என்பது நாடறிந்த கதை. வடமொழியில் ‘வல்மீகம்’ என்பது புற்று. ஆனால் இக்கதை வால்மீகி இராமாயணத்தில் இல்லை. உத்தர காண்டத்தில் அம்முனிவர் தம்மைப் பிரசேதசின் பத்தாம் மகன் என்றே கூறிக்கொள்கிறார். வேடன் கதை, ஸ்காந்த புராணம், அத்யாத்ம இராமாயணம் முதலிய பிற்கால நூல்களில் காணப்படுவது. வட இந்தியாவில் வால்மீகியைத் தம் குலமுதல்வராகப் போற்றும் சமூகத்தார் பலர், அவரைக் கள்வர் என்னும் இக்கதையை ஏற்பதில்லை. பழங்கதையொன்று இன்று வாழும் மக்களின் மானத்தோடு பிணைந்து நிற்பதை இதனால் அறியலாம். ஆதலின், எந்நூலில் எக்கதை உளது என்று பிரித்தறிதல் வெறும் ஏட்டுப் புலமையன்று. பிறரை நோகச் செய்யாதிருப்பதற்கும் அஃது உதவும்.

மூலநூலின் பால காண்டம் தருவது வேறொரு கதை. தமசை ஆற்றங்கரையில் இணைபிரியாதிருந்த இரு அன்றில்களுள் ஆண்பறவையை வேடனொருவன் வீழ்த்துகிறான். பெடையின் கதறல் கேட்ட முனிவரின் நாவினின்றும் சாபமொன்று வெளிப்படுகிறது. அதுவே சீரும் தளையும் அமைந்த செய்யுளாக இருப்பது கண்டு அவரே வியக்கிறார். சோகத்திற் பிறந்தமையால் அது சுலோகமாயிற்று என்பர். இது நிகழ்ந்ததா என்று கேட்பதினும், இதனைச் சொல்லிவைத்தவர் கவிதையைப் பற்றி என்ன கருதினார் என்று கேட்பதே தக்கது. பிற உயிரின் துயர் கண்டு நெஞ்சம் நெகிழாதவன் கவிஞனாகான் என்பதன்றோ அவர் கருத்து!

இனி, வியாசரைக் காண்போம். பராசர முனிவருக்கும், யமுனையில் ஓடம் செலுத்திய செம்படவர் குலமகள் சத்தியவதிக்கும் பிறந்தவர் அவர். கருநிறத்தராதலின் கிருஷ்ணர், தீவிற் பிறந்தமையின் துவைபாயனர், வேதங்களை வகுத்தமையின் வியாசர். திருதராட்டிரன், பாண்டு, விதுரன் ஆகியோரைப் பெற்றவரும் அவரே. தம் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றழிந்த கதையை அவர் பாடினார் என்கிறது பாரதம். வெற்றி பெற்றவர்க்கும் துயரமே எஞ்சிற்று என்று முடியும் அக்காப்பியத்திற்கு, இருதிறத்தார்க்கும் பாட்டனான ஒருவரை ஆசிரியராகக் கூறியது எத்துணைப் பொருத்தம்!

அந்நூல் ஒரே காலத்தில் ஒருவர் செய்ததன்று என்பதற்கு அதுவே சான்றாகிறது. வியாசர் தம் மாணாக்கர்க்கு ஓதினார். அவருள் வைசம்பாயனர் சனமேசயனின் வேள்வியில் ஓதினார். அங்குக் கேட்ட சூதர் நைமிசாரணியத்து முனிவர்க்கு ஓதினார். கிளைக்கதைகள் நீங்கலாக 24,000 சுலோகங்கள் என்று ஆதி பருவம் கூற, மரபோ இலட்சம் என்று கூறும். புனேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தார் 1919இல் தொடங்கி, 1,259 சுவடிகளை ஆராய்ந்து, 1966இல் பாரதச் செம்பதிப்பை நிறைவு செய்தனர். 1925 முதல் 1943இல் மறையும் வரை அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் அறிஞர் வி.எஸ்.சுக்தங்கர். விநாயகர் எழுதிய கதை பழஞ்சுவடிகள் பலவற்றில் இல்லாமையால், அதனை மூலபாடத்திற் சேர்க்காமல் பிற்சேர்க்கையில் வைத்தனர். பத்தி குறைந்து அவ்வாறு செய்தாரல்லர். நூலின்பால் கொண்ட மதிப்பே அவரை அங்ஙனம் செய்வித்தது.

அக்கதை பழையதே என்பதற்குச் சான்று தருபவர் யார்? குவாரிசம் நாட்டில் 973இல் பிறந்து, வடமொழி பயின்று, ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி அரபியில் நூல் யாத்த அல்பிரூனி. எழுதுகோலை நிறுத்தலாகாது என்று விநாயகருக்கு விதிக்கப்பட்டதையும், பொருளுணர்ந்த பின்னரே எழுதவேண்டும் என்று வியாசர் மற்றொரு விதி வைத்ததையும், அரிய தொடர்களைக் கூறி அவர் சிந்திக்கும் பொழுதில் வியாசர் இளைப்பாறியதையும் அவர் குறித்துள்ளார். ஒடிந்த கொம்பும் மேருமலையும் அவர் எழுத்தில் இல்லை. தாம் நம்பாத ஒன்றை, நகையாடாமலும் திரிக்காமலும், உரியவர் சொல்லும் வண்ணமே எழுதிவைத்தார் அப்பெரியார். தம் நூல் வாதம் புரிவதற்கன்று. உள்ளதை உள்ளவாறு உரைப்பதற்கே என்பது அவர் கொள்கை. ஆயிரமாண்டு கழிந்தும் ஆராய்ச்சியாளர்க்கு அவர் நூல் பயன்படுவது இந்நேர்மையால் அன்றோ!

இவ்வழி பின்னரும் தொடர்ந்தது. 1582இல் அக்பர் பேரரசரின் ஆணையால் பாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கும் பணி தொடங்கிற்று. நம் தமிழகத்திலும், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகத் திகழ்ந்த மு.மு.இஸ்மாயில் அவர்கள், சென்னைக் கம்பன் கழகத்திற்குத் தலைமையேற்று, இராமகாதையை நுணுகி ஆய்ந்து எழுதியும் பேசியும் வந்தார். அவர் தொழுகைக்கும் தமிழுக்கும் இடையே பிணக்கு எதனையும் அவர் கண்டாரல்லர்.

‘பிறர் சமயக் கதைகளை நம் பிள்ளைகள் ஏன் கற்கவேண்டும்?’ என்று சமுதாயப் பெரியோர் சிலர் எம்மிடம் பரிவோடு வினவுவதுண்டு. கற்றல் வேறு, வழிபடுதல் வேறு என்பதே எம் விடை. அண்டை வீட்டார் எதனைப் போற்றுகின்றனர் என்று அறியாதவன், அவருடன் நெடுங்காலம் வாழ்ந்தும் அயலானே ஆவான். அதுபோன்றே, தம் காப்பியத்தின் பிறப்பை ஆராய்வோரைப் பகைவராகக் கருதுவோர்க்கும் ஒன்று கூறுவோம். சுவடிகளை ஒப்பிட்ட சுக்தங்கரும், கேட்டதை எழுதிய அல்பிரூனியும் அந்நூலுக்குத் தீங்கிழைத்தவரல்லர்; அதனை வாழவைத்தவர்களே.

எனவே, மாணவச் செல்வங்களே, ‘இது உண்மையா?’ என்று தயங்காது கேளுங்கள். அதனோடு நின்றுவிடாமல், ‘இது எந்நூலில் உளது? எக்காலத்தது? இதனைச் சொன்னவர் எதனை உணர்த்த எண்ணினார்?’ என்றும் கேளுங்கள். ஓடக்காரப் பெண்ணின் மகனை வேதம் வகுத்தவராகவும், பறவைக்காக அழுதவரை முதற்கவிஞராகவும் போற்றிய ஒரு நாட்டில், பிறப்பினால் எவரையும் இகழ்வதற்கும், பிறர் துயருக்கு இரங்காதிருப்பதற்கும் நமக்கு ஏது உரிமை? இவ்வினாவை நெஞ்சிற் கொண்டு காப்பியங்களைக் கற்பதே கற்பவர் கடமையாகும்.