எந்த முனுசாமி?

உங்க கிளாஸ்ல எத்தனை கார்த்திக்? எங்க கிளாஸ்ல மூணு பேர். அட்டெண்டன்ஸ்ல பேரைக் கூப்பிட்டா, மூணு 'பிரசென்ட் சார்' வரும்... ஒருத்தன் கேன்டீன்ல இருந்தாலும்! அதனால, சார் ரோல் நம்பருக்கு மாறிட்டார். 'நம்மளை வெறும் நம்பராக்கிட்டாரே'ன்னு கடுப்பாத்தான் இருக்கும். ஆனா, அப்படி ஒரு நம்பர் கிடைக்காதான்னு தேடி அலையறவங்களும் இருக்காங்க ஃப்ரெண்ட்ஸ்!

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16-ம் தேதி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தக் கூலி வேலை. 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அதில் எத்தனை முனுசாமி, எத்தனை ராமசாமி இருந்திருப்பாங்க! அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. எல்லாரையும் 'சாமி'ன்னு கூப்பிட்டாங்க. மரியாதையா இல்லை, இளக்காரமா! காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கார்.

இன்னைக்கு டர்பன்ல இருக்கிற ஒரு கொள்ளுப்பேத்தி, தன் முனுசாமி தாத்தாவோட ஊரைத் தேடினா? 'சென்சஸ்ல பார்த்தா ஆச்சு'ன்னு தோணும். இங்கிலாந்தில் 100 வருஷம் ஆனதும் வீட்டுப் படிவங்களையே திறந்து காட்டுறாங்க. 1921 கணக்கு 2022-ல் வெளியானது. நம்ம நாட்டில் 1881 முதல் 2011 வரை பத்து வருஷத்துக்கொரு தடவை எண்ணியும், புத்தகமா வந்ததெல்லாம் எண்ணிக்கைதான். 1948 சட்டப்படி, வீட்டுப் படிவங்களைப் பொதுமக்கள் பார்க்கவும் முடியாது.

அங்கேதான் நம்பர் கைகொடுக்குது. கப்பலில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு 'காலனியல் நம்பர்'. கல்யாணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்னு பல பேப்பர்களில் அது கூடவே வரும். பழைய பெட்டியில் அப்படி ஒண்ணு சிக்கினால் போதும். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருப்பாங்க. முனுசாமி, 'மூன்சாமி'ன்னு குடும்பப் பேரா மாறியிருந்தாலும் நம்பர் மாறாது.

அப்புறமும் அவசரப்படக் கூடாது. 'வட ஆற்காடு ஜில்லா'ன்னு பார்த்ததும் வேலூருக்கு பஸ் ஏறிடாதீங்க. சித்தூர் தனி மாவட்டமானது 1911-ல்தான். அந்தக் கிராமம் இன்னைக்கு ஆந்திராவில் இருக்கலாம். நம்ம பக்கம் 'புதூர்' எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். தாலுகா தெரிஞ்சாத்தான் எந்தப் புதூர்னு தெரியும். அப்பா பேர் தெரிஞ்சாத்தான் எந்த முனுசாமின்னு தெரியும்.

மனுஷனை நம்பராக்கின அதே ரிஜிஸ்தர்தான், இன்னைக்கு அவரோட அப்பா பேரைத் திருப்பிக் கொடுக்குது. இதுக்குக் கோபப்படறதா, நன்றி சொல்றதான்னு எனக்குப் புரியலை.

கப்பல் ஏறாத நம்ம தாத்தாக்களுக்கு அந்த நம்பரும் கிடையாது. உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேர் என்ன? எனக்குத் தெரியலை. இந்த லீவுல ஊருக்குப் போனதும் பாட்டிகிட்ட கேட்டு எழுதிக்கப் போறேன். நீங்களும் எழுதுங்க. பேர் மட்டும் போதாது... அப்பா பேர், ஊர், தாலுகா எல்லாம் வேணும்.

அப்படியே, யாராவது டர்பன்லருந்து உங்க ஊருக்கு வந்து, 'முனுசாமி வீடு எது?'ன்னு கேட்டா சிரிக்காதீங்க. 'அவரோட அப்பா பேர் என்னங்க?'ன்னு கேளுங்க!